மூடிச் சுவிட்சுக்கு வைத்த பொட்டு

மூடியைத் திறந்தால் நிற்க வேண்டிய இயந்திரம் நிற்கவில்லை என்று ராக்கன் எழுதிக் கொடுத்த மனு, ஒன்பதாவது நாள் அவனிடமே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'உரிய வழியில் அனுப்பவும்' என்று எழுதியிருந்தது. மனுவை அவன் கொடுத்தது மேற்பார்வையாளர் சந்திரசேகரிடம். சிவப்பு மையில் எழுதியது சந்திரசேகர். திருப்பிக் கொடுத்ததும் அவர்தான்.

"உரிய வழின்னா எது சார்?"

"என் மூலமா அனுப்பணும்."

"ஒங்ககிட்டதானே சார் கொடுத்தேன்."

"எங்கிட்ட கொடுத்த. என் மூலமா கொடுக்கலையே. மேல ஒரு வரி போடு, 'மேற்பார்வையாளர் மூலமாக'ன்னு. அப்பறம் எங்கிட்டயே கொடு."

ராக்கன் ஒரு வரி போட்டு அவரிடமே கொடுத்தான். அவர் வாங்கி, யாரிடமிருந்து வந்தது என்று பார்ப்பதுபோல முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

நல்லுணவு வாரியத்தின் நான்காம் எண் சமையற்கூடம் குன்றாண்டார்கோவிலிலிருந்து கீரனூர் போகிற வழியில் ஒரு கல்குவாரிக்கு எதிரே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பதினோரு மாணவர் விடுதிகளுக்கு இங்கிருந்துதான் சாப்பாடு போகிறது. செவ்வாயும் வியாழனும் சப்பாத்தி. அதற்கு, இருபத்தைந்து கிலோ கோதுமை மாவை ஒரே தடவையில் பிசைகிற பெரிய மிக்ஸர் ஒன்று இருக்கிறது. வாரியத்தின் ஏட்டில் அதன் பெயர் 'மாவுக் கலவை இயந்திரம் 4/1'. ஏட்டைப் பார்க்காதவர்கள் அதை மாவு மிசின் என்கிறார்கள்.

ராக்கன் ஆறு வருடமாக அதன் ஆபரேட்டர். ஒப்பந்த வேலை. ஏழாவது வருடத்தில் நிரந்தரப் பட்டியல் வரும் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிசினின் குணம் அவனுக்குத் தெரியும். முதலில் தண்ணீர், பிறகு மாவு. முதல் மூன்று நிமிடம் மெதுவான வேகம். மாவு ஈரத்தைக் குடித்த பிறகு நிறுத்தி, வேகத்தை மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அண்டாவுக்குள் கை வைக்க வேண்டும். மோட்டார் பக்கம் ஈரத்துணி மட்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. மாதம் ஒரு தடவை கிரீஸ். இதையெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மிசினோடு வந்த புத்தகம் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்டோர் ரூமில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. சாவி தொலைந்துவிட்டது.

அண்டாவுக்கு மேலே கம்பி மூடி. மூடியின் கீல் பக்கத்தில், ஒரு சின்ன எஃகுத் தகட்டில், பேனா முனை அளவுக்கு ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். மூடி இறங்கினால் குமிழை அழுத்தும், மிசின் ஓடும். மூடியைத் தூக்கினால் குமிழ் வெளியே வரும், மிசின் நின்றுவிடும். யாருடைய கையும் உள்ளே சுற்றி மாவைப் பிசைகிற கொக்கிக்குப் போய்ச் சேரும் முன்னால் நிற்கட்டும் என்று மிசினைச் செய்தவன் யோசித்து வைத்தது அது.

ஆயுத பூஜையை அவன் யோசிக்கவில்லை. மிசின் முழுக்க மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்க, ஆள் நெற்றி உயரத்தில் பளபளவென்று சுத்தமாக இருந்த ஒரே இடம் அந்தத் தகடுதான். ஒவ்வொரு வருடமும் சந்தனத்தைக் குழைத்து அங்கேதான் பொட்டு வைத்தார்கள். பழைய பொட்டை யாரும் துடைக்கவில்லை. அதன் மேல் புதிய பொட்டு. போன ஆயுத பூஜையில் சந்திரசேகர் கட்டைவிரலால் பக்தியோடு நன்றாக அழுத்தி வைத்தார். குமிழ் உள்ளே போனது. சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகி, அதை அப்படியே பிடித்துக்கொண்டன. அன்றிலிருந்து மூடி எப்போதும் மூடியிருப்பதாகவே மிசின் நினைத்துக்கொண்டிருந்தது.

தீபாவளி கழிந்த வாரம் இது தெரியவந்தது. காத்தாயி பிசைந்த மாவைச் சப்பாத்திக்கு உருண்டை பிடிக்கிறவள். ஐம்பது வயதுக்கு மேல். அவள் பிடித்த உருண்டைகளைத் தராசில் வைத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அன்று மாவு கொக்கியின் மேல் ஏறிவிட்டது. அதைக் கீழே தள்ள அவள் மூடியைத் தூக்கிக் கையை நீட்டினாள். மிசின் நிற்கவில்லை. கொக்கி அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்றை இழுத்துக்கொண்டது. ராக்கன் பக்கத்தில் இருந்ததால் மிசினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அடித்தான். வளையல் போனது, மணிக்கட்டு மிஞ்சியது. கண்ணாடி விழுந்த மாவு மொத்தத்தையும் கொட்டினார்கள். மாவு வீணானதற்கு விளக்கம் கேட்டு ராக்கனுக்கு அன்று மாலையே கடிதம் வந்துவிட்டது. வாரியத்தில் ஒரு கடிதம் ஒரே நாளில் வந்து சேர்ந்தது அந்த ஒரு முறைதான்.

"நாளைலேருந்து வளையலைக் கழட்டி வச்சுட்டு வாக்கா," என்றான் ராக்கன். "தொறக்கணும்னா என்னைக் கூப்பிடு. இல்லாட்டி செவப்பை அமுக்கு. மூடியை நம்பாத."

"நீ இருக்கியேடா, மூடி எதுக்கு," என்றாள் காத்தாயி.

உரிய வழியில் போன மனு தொழில்நுட்பப் பிரிவுக்குச் சென்றது. பதில் வந்தது: இயந்திரம் ஓடுவதாக மனுதாரரே குறிப்பிட்டுள்ளார்; ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பழுதடைந்ததாகக் கருத வழியில்லை; மேலும் சந்தனம் மின்பாகம் அன்று, எனவே பொது நிர்வாகப் பிரிவை அணுகவும். பொது நிர்வாகப் பிரிவு எழுதியது: பொட்டு வைத்தது விழா நிகழ்வு, விழாக் குழுவை அணுகவும். விழாக் குழு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு கூடும். அப்போது மார்கழி நடந்துகொண்டிருந்தது.

"நானே சொரண்டிடட்டா சார்?" என்று ராக்கன் கேட்டான். "ரெண்டு நிமிச வேலை."

சந்திரசேகர் அவனைப் பரிவோடு பார்த்தார். "மூணாம் நம்பர்ல நாகராசுன்னு ஒருத்தன் இருந்தான், தெரியுமா? பெல்ட்டு லூசா இருக்குன்னு அவனே ஸ்பேனரை எடுத்து முடுக்கிட்டான். அனுமதி வாங்கலை. இப்ப பொன்னமராவதியில உரக்கடையில மூட்டை தூக்குறான்."

"பெல்ட்டு?"

"பெல்ட்டு நல்லா ஓடுது. அதுக்கென்ன."

ராக்கன் சுரண்டவில்லை.

மனு எங்கெங்கோ அலைந்து தை மாதக் கடைசியில் பாதுகாப்புப் பிரிவின் மேசையில் போய் விழுந்தது. அந்தப் பிரிவின் இணை இயக்குநர் அறிவுமதி மறுவாரமே ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒரு போட்டோகிராபர், ஒரு பேனர், மைக் செட்டு. சமையற்கூடத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க வைக்கப்பட்டார்கள். அடுப்பில் சாம்பார் இருந்தது. அது தன்பாட்டுக்குக் கொதித்தது.

"விபத்து என்பது ஒரு மனநிலை," என்று அறிவுமதி தொடங்கினார். "கடந்த ஐந்து ஆண்டுகளாக நம் வாரியத்தில் பாதுகாப்பு பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை. அதனால் எங்கள் பிரிவுக்கு வேலையே இல்லை என்று சிலர் பேசினார்கள். பிரிவையே மூடிவிடலாம் என்று கோப்பு நகர்ந்தது. நானும் பதினான்கு ஊழியர்களும் எங்கே போவது? அந்த இக்கட்டான நேரத்தில் வந்தது ராக்கனுடைய புகார். ஒரு சாதாரண ஆபரேட்டர் ஒரு முழுப் பிரிவைக் காப்பாற்றியிருக்கிறார். பாதுகாப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு என்ன இருக்க முடியும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். காத்தாயி மாவுக் கையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

ராக்கன் பாதுகாப்புத் தூதர் ஆனான். நெஞ்சில் ஒரு பச்சை பேட்ஜ் குத்தினார்கள். பிறகு அவனை மிசின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கம்பி மூடி முகத்தை மறைக்கிறது என்று போட்டோகிராபர் மூடியைத் தூக்கச் சொன்னார். மிசின் ஓடுவதுபோல இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் அறிவுமதி. ஓட்டினார்கள். மூடி திறந்திருக்க, வெறும் அண்டாவில் கொக்கி சுற்றிக்கொண்டிருக்க, இணை இயக்குநர் ராக்கனின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்.

"சார், பாருங்க, இதான் சார் பிரச்சனை. தொறந்திருக்கு, ஓடுது," என்றான் ராக்கன்.

"அருமையா ஓடுது," என்றார் அறிவுமதி. "மெயின்டெனன்ஸ் யாரு?"

"நான்தான் சார்."

"குட்."

அடுத்து உறுதிமொழி. அச்சடித்த தாளைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்: 'என் கைகள் என்னுடையவை அல்ல, வாரியத்தின் உடைமை என்பதை உணர்கிறேன். வாரியத்தின் உடைமைக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வேன். உரிய அனுமதியின்றி இயந்திரத்தின் எந்தப் பாகத்தையும் சரிசெய்ய முயலமாட்டேன்.' பாதுகாப்புத் தூதர் என்பதால் ராக்கன் மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

"என் கை இவுகளுதுன்னா," என்று காத்தாயி மெல்லக் கேட்டாள், "வீட்டுல போயி பாத்திரம் வெளக்குறது யாரு கைடா?"

"சும்மா இருக்கா."

"கேட்டுச் சொல்லு. அவுககிட்ட சோப்புக்குக் காசு கேப்போம்."

கடைசியாக வாசலில் ஒரு கரும்பலகை திறக்கப்பட்டது. 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே பெயின்டில் எழுதியிருந்தது. அன்றைய எண்ணை அறிவுமதியே சாக்பீஸால் எழுதினார்: 1904. விபத்து ஏடு தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டார்களாம். அந்த நாட்களில் காத்தாயியின் வளையலும், பழைய சமையல்காரர் ஒருவர் ரசம் கொட்டிச் சுட்டுக்கொண்ட காலும் இருந்தன. அவை ஏட்டில் இல்லை. இனி தினமும் காலையில் எண்ணை எழுத வேண்டியது தூதரின் பொறுப்பு. ராக்கன் வேலைக்கு வந்ததும் சாக்பீஸை எடுத்து, நேற்றைய எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுதினான். 1905. 1906. வேறு யாரும் அந்தப் பலகையைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூதர்களுக்குப் பயிற்சி உண்டு. புதுக்கோட்டையில், வாரியத்தின் கூட்ட அரங்கில். செவ்வாயும் வியாழனும். சப்பாத்தி போடுகிற நாட்கள் அவைதான் என்று ராக்கன் சொன்னான். பயிற்சி நாட்களைப் பயிற்சிப் பிரிவு முடிவு செய்கிறது, சப்பாத்தி நாட்களை உணவுப் பிரிவு முடிவு செய்கிறது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சந்திரசேகர் விளக்கினார்.

"அப்ப மிசினை யாரு சார் ஓட்டுறது?"

"காத்தாயி ஆறு வருசமா பக்கத்துல நின்னு பாக்குதுல்ல. ஓட்டும்."

"அதுக்குப் பயிற்சி இல்லையே சார்."

"அதான் நீ போறியே."

பயிற்சியில் முதல் வகுப்பு கையின் பாகங்கள். திரையில் ஒரு பெரிய கை வந்தது. இது உள்ளங்கை, இது புறங்கை, இவை விரல்கள் என்று சொன்னார்கள். இரண்டாவது வகுப்பு விரல்களின் முக்கியத்துவம். மூன்றாவது வகுப்பில் ஒரு மிக்ஸரின் படம் வந்தது. அது கேக்குக்கு முட்டை அடிக்கிற சின்ன மிக்ஸர், வேறு நாட்டில் ஓடுவது. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு படிவம், மாலையில் ஒரு படிவம். 'பயிற்சிக்கு முன் விரல்களின் எண்ணிக்கை.' 'பயிற்சிக்குப் பின் விரல்களின் எண்ணிக்கை.' ராக்கன் பத்து, பத்து என்று நிரப்பினான். நாற்பது வகுப்புகள் முடிகிறவரை அந்த எண்ணிக்கை மாறவில்லை. அதைப் பயிற்சியின் வெற்றியாக அறிவுமதி வரைபடம் போட்டுக் காட்டினார். ஒரு நேர்கோடு.

டீ இடைவேளையில்தான் ஷர்லியைப் பார்த்தான். ஆவூர்ப் பெண், தொழில்நுட்பப் பிரிவில் தற்காலிகப் பணி. புகார்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. அவனுடைய மனுவை அவள்தான் ஏற்றியிருந்தாள். சந்தனம் என்று படித்ததும் ஞாபகம் இருந்ததாகச் சொன்னாள்.

"அந்தச் சந்தனத்தைச் சொரண்டிட்டீங்களாண்ணே?"

"அனுமதி வரலை."

ஷர்லி அவன் நெஞ்சைக் காட்டினாள். "இந்த பேட்ஜுக்குப் பின்னாடி ஊக்கு இருக்குல்ல? அது போதும். ரெண்டு குத்து குத்துனா உதிர்ந்துரும். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை."

"எனக்கும்தான்," என்றான் ராக்கன்.

இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அவன் அந்த ஊக்கை நெஞ்சில் குத்திக்கொண்டு மிசினுக்கும் அரங்குக்கும் போய்வந்தான். மிசின் அருகே நிற்கும்போது சில சமயம் கை பேட்ஜுக்குப் போகும். பிறகு நாகராசு மூட்டை தூக்குவது ஞாபகம் வரும். கை கீழே இறங்கிவிடும்.

ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பலகையில் 2044 என்று எழுதிவிட்டு ராக்கன் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினான். கிளம்பும்போது வழக்கம்போல, "யக்கா, செவப்பை அமுக்கிட்டுத்தான் தொறக்கணும்," என்றான். வழக்கம்போல காத்தாயி, "போடா, பஸ்ஸு போயிரும்," என்றாள்.

அவன் பஸ்ஸில் இருந்த நேரத்தில் சமையற்கூடத்தின் அலுவலக போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'தங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது. மகிழ்ச்சி எனில் 1, மிக்க மகிழ்ச்சி எனில் 2 அழுத்தவும்.' நூற்றெண்பது நாளுக்கு மேல் கிடக்கிற புகார்கள் கம்ப்யூட்டரில் சிவப்பாகத் தெரியும். மாதாந்திர ஆய்வில் சிவப்பு இருக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் மொத்தமாகத் தீர்த்துவிட்டார்கள். சந்திரசேகர் காலைக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்தார். மூடிச் சுவிட்சு பற்றிய புகார் தீர்ந்தது, எல்லோரும் கை தட்டுங்கள் என்றார். தட்டினார்கள். அவர் இரண்டை அழுத்தினார்.

பதினோரு மணிக்கு மாவு கொக்கியின் மேல் ஏறியது. காத்தாயி மூடியைத் திறந்தாள்.

ராக்கன் சாயங்காலம் திரும்பி வந்தபோது மிசின் கழுவித் துடைத்து இருந்தது. அவன் கழுவுவதைவிடச் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் பயப்படாத," என்றார் சந்திரசேகர். "காத்தாயிக்கு வலது கையில. மோதிர விரலும் சுண்டு விரலும். ஆஸ்பத்திரியில இருக்கு."

"சேர்த்துத் தச்சுட்டாங்களா?"

"எதை?"

ராக்கன் ஆஸ்பத்திரிக்குப் போனான். காத்தாயி படுக்கையில் உட்கார்ந்து இடது கையால் இட்லி தின்றுகொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள், வேறு யாருடைய சாமானையோ அவளிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னதுபோல.

"சரி பண்ணிட்டாகன்னு வாசிச்சாருடா," என்றாள். "நானும் கை தட்டுனேன். நிக்கும்னுதான் தொறந்தேன்."

ராக்கன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"சாரு வந்துட்டுப் போனாரு. உருண்டை பிடிக்க மூணு வெரலு போதும், வேலை போகாதுன்னாரு." கொஞ்சம் இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள். "வெரலுபோன பணம் ஏதோ வருமாம்ல. எழுதிக் கேக்கணுமாம். எழுதுற கை இதுதான். நீ எழுதித் தாரியா?"

"எழுதித் தாரேங்கா."

"உரிய வழியில எழுது."

மறுநாள் காலையில் ராக்கன் பலகையைத் துடைத்துவிட்டு ஒன்றும் எழுதாமல் நின்றான். சந்திரசேகர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன, எழுதலையா?"

"சைபர் போடணுமா சார்?"

"யாரு சொன்னா? ஏட்டுல விபத்துன்னு பதிவாயிருக்கா?"

"இல்லை சார்."

"நேத்து எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து நாப்பத்தி நாலு."

"இன்னைக்கு?"

சாக்பீஸ் அவன் கையில் இருந்தது. 2045 என்று எழுதினான். எண் நேற்றையதைவிட அழகாகவே வந்தது.

அன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்ஜைக் கழற்றினான். ஊக்கால் பொட்டின் விளிம்பில் குத்தினான். ஆறு வருடச் சந்தனம் ஓடு ஓடாக உதிர்ந்தது. ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவே மெல்லிய சிவப்புக் கோடு. கடைசி ஓடு பெயர்ந்ததும் குமிழ் டக்கென்று வெளியே வந்தது. பிளக்கை மாட்டி, மூடியை இறக்கி, ஓட்டினான். மூடியைத் தூக்கினான். நின்றது. மறுபடி ஓட்டினான், தூக்கினான், நின்றது. ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்தான். பிறகு உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வாசல் வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. பொட்டை மட்டும் கணக்கிட்டால் இரண்டு நிமிடம்.

விசாரணைக் குழு பதினெட்டு நாள் கழித்து வந்தது. அறிவுமதிதான் தலைவர். காத்தாயி ஒரு நாற்காலியில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ராக்கன் எழுதித்தந்த மனு குழுவின் முன்னால் இருந்தது. மூடியைத் திறந்தும் இயந்திரம் நிற்காததால் விரல்கள் போயின, அதற்குரிய உதவி வேண்டும்.

"இயந்திரத்தை ஓட்டுங்கள்," என்றார் அறிவுமதி.

ஓட்டினார்கள்.

"மூடியைத் திறங்கள்."

திறந்தார்கள். மிசின் நின்றது.

அறிவுமதி மூன்று தடவை சோதித்தார். மூன்று தடவையும் நின்றது. அவர் காத்தாயியைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அம்மா, நிற்கிறதே. நிற்கிற இயந்திரத்தை நிற்கவில்லை என்று சொல்கிறீர்களே."

"அன்னைக்கு நிக்கலைங்க."

"புகார் அன்று காலையிலேயே தீர்ந்துவிட்டதற்கு ஆதாரம் இருக்கிறது. மிக்க மகிழ்ச்சி என்று உங்கள் அலுவலகமே பதில் அனுப்பியிருக்கிறது."

காத்தாயி ராக்கனைப் பார்த்தாள். அவன் கால் மாற்றி நின்றான். நிரந்தரப் பட்டியலில் தன் பெயர் இருப்பதாக இரண்டு நாள் முன்னால் சந்திரசேகர் சொன்னது மண்டைக்குள் ஓடியது. உரக்கடை மூட்டையும் ஓடியது.

"நான்தான் சார் சொரண்டுனேன்," என்றான்.

குழு நிமிர்ந்தது.

"மறுநாளு சார். வெள்ளிக்கெழமை மத்தியானம். அதுவரைக்கும் சந்தனம் இருந்துச்சு. அக்கா கையை விட்டப்ப மிசின் நின்னிருக்காது. அனுமதி இல்லாமத்தான் செஞ்சேன்."

சந்திரசேகர் கண்ணை மூடிக்கொண்டார். அறிவுமதி நீண்ட நேரம் கோப்பைப் புரட்டினார். பிறகு சிரித்தார்.

"ராக்கன், உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். புகார் வியாழக்கிழமை தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோன புகாரை வெள்ளிக்கிழமை நீங்கள் எப்படித் தீர்க்க முடியும்? அப்படி நீங்கள் தீர்த்திருந்தால், வியாழக்கிழமை தீர்ந்தது என்று கம்ப்யூட்டர் சொல்வது பொய்யாகிவிடும். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆகவே நீங்கள் சொல்வது நடக்கவில்லை."

"நடந்துச்சு சார். ஓடெல்லாம் அந்த வேப்பமரத்தடியில கெடக்கு."

"இதைப் பதிவு செய்ய வேண்டாம்," என்று அறிவுமதி எழுத்தரிடம் சொன்னார். பிறகு எழுந்து நின்று, பேச ஆரம்பித்தார். "விபத்து என்றால் என்ன? நம் கையேட்டின்படி, பணியில் இருக்கும் ஆபரேட்டருக்கு நேர்வது. இந்த இயந்திரத்துக்கு ஏட்டில் இருக்கும் ஒரே ஆபரேட்டர் ராக்கன். அன்று ராக்கன் எங்கே இருந்தார்? என் வகுப்பில். அவருடைய விரல்கள் எத்தனை? படிவம் இருக்கிறது, காலையில் பத்து, மாலையில் பத்து. என் வகுப்பில் உட்கார்ந்திருந்ததால் அவருடைய பத்து விரல்களும் தப்பின. இதைவிட இந்தப் பயிற்சிக்கு என்ன சான்று வேண்டும்? ஆபரேட்டர்கள் எல்லோரையும் ஆண்டு முழுவதும் வகுப்பிலேயே வைத்திருந்தால் வாரியத்தில் ஒரு விரல்கூடப் போகாது என்று அறிக்கையில் பரிந்துரைக்கப் போகிறேன்."

அந்தப் பரிந்துரையை மேலிடம் ஏற்கவில்லை, வகுப்பறையில் இடம் போதாது என்று. அறிக்கையில் மிஞ்சியது இரண்டு. காத்தாயிக்கு நேர்ந்தது 'பதிவு பெறாத நபரின் தற்செயல் கைநீட்டல்'. உதவிக்குத் தகுதி இல்லை. இரண்டாவது, ஆய்வின்போது இயந்திரம் 4/1-இல் பூஜைப் பொட்டு காணப்படவில்லை. இது அபசகுனமாகக் கருதப்படுவதால், வரும் ஆயுத பூஜையில் அதே இடத்தில், முன்பைவிடச் சற்றுப் பெரியதாக, பொட்டு வைக்கப்பட வேண்டும்.

ஆவணியில் ராக்கனின் வேலை நிரந்தரமானது. அன்று அவன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். காத்தாயி இடது கையில் கிளாஸை வாங்கிக்கொண்டு, "நல்லா இருடா," என்றாள். அதில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று அவன் தேடிப் பார்த்தான். இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் மூன்று விரலால் உருண்டை பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். உருண்டைகள் ஒரு பக்கம் லேசாகச் சப்பியிருக்கும். சப்பாத்தியாகத் தேய்த்த பிறகு அது யாருக்கும் தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. கிரைண்டர், அடுப்பு, தராசு, கத்தி, வாசல் கேட்டு, சந்திரசேகரின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கழுவி வைத்தார்கள். விழாக் குழுவிலிருந்து பட்டியல் வந்திருந்தது. வாரியத்தின் உடைமை நாற்பத்து மூன்று, பொட்டு நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட வேண்டும். சந்திரசேகர் ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் பட்டியலுமாக வந்தார். பின்னாலேயே காத்தாயி மணி அடித்துக்கொண்டு வந்தாள். மணி அடிப்பதற்கும் மூன்று விரல் போதும்.

மிசினுக்கு வந்தார். பெரிய உருண்டையாகச் சந்தனத்தை எடுத்தார். எஃகுத் தகட்டின் மேல் ராக்கனின் வலது உள்ளங்கை கவிழ்ந்திருந்தது.

"கையை எடுப்பா."

"இங்கேயே வைங்க சார்."

"மிசினுக்கு வைக்கணும். பரிந்துரை இருக்கு."

"கையும் வாரியத்தோட உடைமைதானே சார். உறுதிமொழியில இருக்கு. நானே ரெண்டு தடவை சொன்னேன்."

சந்திரசேகர் யோசித்தார். அவருக்கு இன்னும் பதினெட்டுப் பொட்டு பாக்கி இருந்தது. பட்டியலைப் பார்த்தார். 'இடம்: மூடிச் சுவிட்சு' என்று இருந்தது. கை அங்கேதான் இருந்தது. புறங்கையின் நடுவில் சந்தனத்தை வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி, மேலே குங்குமம் இட்டார். பட்டியலில் டிக் போட்டார். அடுத்தது தராசு.

காத்தாயி மணியை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள்.

"எடுத்துராதடா," என்றாள். "இன்னும் ஒரு சுத்து வருவாரு. காயட்டும்."

அவன் எடுக்கவில்லை. சுண்டலும் பொரியும் கொடுத்தபோதும் எடுக்கவில்லை. காத்தாயி பொட்டலத்தை மூன்று விரலால் இடுக்கி அவன் சட்டைப்பையில், பச்சை பேட்ஜுக்குப் பின்னால், செருகிவிட்டுப் போனாள். சந்தனம் மெல்ல இறுகித் தோலை இழுத்தது. வாசலில் பலகை துடைத்தபடியே வெறுமையாக இருந்தது. அன்றைய எண்ணை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதுகிற கை சுவிட்சின் மேல் இருந்தது.